போஸ்டருக்கு அடியில் இன்னொரு பெயர்

‘அனுப்பிரியாவை அழ விடாதீர்கள். நோட்டீஸ் அடித்த அந்த ஆளை நடுத்தெருவில் நிறுத்தச் சொல்லுங்கள்’ என்று வத்திராயிருப்பிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா, நீங்கள் கவலையே பட வேண்டாம். அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனுப்பிரியாவின் புருஷன், விருதுநகர் வக்கீல் முத்துக்கிருஷ்ணன், குடிகாரன். குடிகாரனாக இருந்தான் என்று திருத்திச் சொல்ல வேண்டும். ஏழு மாதமாகத் தொடவில்லை. விட வைத்தது கோயிலில் கட்டிய கயிறு இல்லை. திருத்தங்கலில் ஒரு மாடி அறை. குடியிலோ மாத்திரையிலோ விழுந்துவிட்ட வக்கீல்கள், மனசு நொறுங்கிப்போன வக்கீல்கள், ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே கூடுவார்கள். ‘தோள்’ என்று அதற்குப் பெயர். டாக்டர் கிடையாது, உபதேசம் கிடையாது. ஒரு வக்கீல் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். வக்கீல்கள் குறுக்கே பேசாமல் கேட்கிற இடம் ஜில்லாவிலேயே அது ஒன்றுதான்.

அந்த அறை வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். செல்போனை அதில் போட்டுவிட வேண்டும். கதவோரம் ஒரு செம்புத் தகடு. பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமுக்குள் போகிறவர்கள் உடம்பில் உள்ள கரண்ட் தரையில் இறங்கட்டும் என்று தொட்டுவிட்டுப் போவார்களே, அதே தகடு. சீனியர் வக்கீல் ராஜபாண்டியன்தான் அதைக் கொண்டுவந்து அடித்து வைத்தார். உள்ளே கேட்டதை வெளியே பேசுகிறவன் தீப்பெட்டியோடு மருந்து ரூமுக்குள் போகிறவன் என்பது அவர் கணக்கு.

அப்படிக் காத்த ரகசியம் மூன்று வாரத்துக்கு முன்னால் ரோஸ் கலர் பிட் நோட்டீஸாகக் கோர்ட்டு வளாகம் முழுக்கக் கிடந்தது. ‘குடிகார வக்கீல் முத்துக்கிருஷ்ணனிடம் கேஸ் கொடுக்கலாமா? திருத்தங்கல் குடிகாரர் சங்கத்தில் இன்னும் யார் யார்? பெயர்கள் விரைவில்!’

தாயில்பட்டி வெடிவிபத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் மறுநாளே வந்து கேஸ் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டு இப்போது ராஜபாண்டியனிடம் இருக்கிறது. நாளைக்கு வக்கீல் சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு நிற்கிறவரும் அதே ராஜபாண்டியன்தான்.

அனுப்பிரியா இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

*

வியாழக்கிழமை காலை. முத்துக்கிருஷ்ணன் கறுப்புக் கோட்டை அயர்ன் செய்துகொண்டிருந்தான். போக ஒரு கேஸ் இல்லாதவன் தினமும் கோட்டுக்கு அயர்ன் போடுவதைப் பார்க்கப் பார்க்க அனுப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது.

“சிவகாசிக்குப் போறேன். அண்ணன் பிரஸ்ல ஒரு வேலை இருக்கு.”

“என்ன வேலை?”

“போஸ்டர்.”

அவன் அயர்ன்பாக்ஸை நிமிர்த்தி வைத்தான். “அனு, வேண்டாம்.”

“என்ன போஸ்டர்னு கேக்காமலே வேண்டாங்குறீக?”

“ஒன் மொகத்தப் பாத்தாலே தெரியுதே. ராஜபாண்டியன் சார் அப்படிச் செய்யிற ஆளு இல்ல.”

“அவர விட்டா யாருக்குத் தெரியும்? அங்கன வாரவுக எல்லாம் உங்கள மாதிரி மாட்டிக்கிட்டவுக. அவுக பேரும் வெளிய வந்துருமேன்னு அவுக வாயவே தொறக்க மாட்டாக. சரி, கேஸ் கட்டு யாரு கைக்குப் போச்சு? அதச் சொல்லுங்க பாப்போம்.”

அவன் கோட்டின் கையை இழுத்துவிட்டான்.

“போஸ்டர்ல என்ன போடப்போற?”

“அவரு வாயால எங்கிட்டச் சொன்னத.”

ஏழு மாதத்துக்கு முன்னால், முத்துக்கிருஷ்ணனைத் தோளுக்குக் கூட்டிப்போக வந்த அன்று, ராஜபாண்டியன் இந்த வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். புருஷனைத் திருத்த வந்தவர்களில் இவர் எத்தனையாவது ஆளோ என்று முறைத்துக்கொண்டு நின்றவளிடம் அவர் தணிந்த குரலில் சொன்னார். “ஏம்மா, நானும் அந்தக் குழியில கெடந்தவன்தான். தூக்க மாத்திரை. ஒருநா கோர்ட்டு மொட்டமாடி விளிம்பு வரைக்கும் போயிட்டேன். ஒரு டவாலிச் சேவகருதான் கையப் பிடிச்சுக் கீள எறக்குனாரு.” அவள் நம்ப வேண்டும் என்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. அவளும் அதைக் கேட்டுத்தான் புருஷனை அனுப்பி வைத்தாள்.

“அது ஒன்ன நம்பிச் சொன்னது, அனு.”

“நீங்களும் அவர நம்பித்தான் சொன்னீக.”

அவள் நாக்கு மேல்வரிசையில் இடதுபக்கப் பல்லைத் தடவியது. கோபம் வந்தால் அது தானாக அங்கே போகும். அது கட்டிய பல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் விழுந்து உடைந்துவிட்டது என்று விருதுநகருக்கும் சிவகாசிக்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் மாடிப்படிப் பக்கமே போகவில்லை என்பது முத்துக்கிருஷ்ணனுக்குத் தெரியும். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

“நீ அத அடிச்சேன்னா இனிமே எவனும் அந்த மாடிக்கு ஏற மாட்டான். நானும் ஏற முடியாது.”

“மெரட்டுறீகளா?”

“இல்ல. பயமா இருக்கு.” குரல் கம்மியது. “இந்த மூணு வாரத்துல பிராந்திக்கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. அங்கன நின்னுக்கிட்டு யாருக்குப் போன் போட்டேன்னு நெனைக்க? சாருக்குத்தான்.”

“ஒங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டவருக்கேவா? நல்லா இருக்குய்யா ஒங்க நியாயம்!”

அவள் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். கதவை அடைத்த சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

*

நேராக பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் அடிக்கப்போகிற ஆளின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. கோர்ட்டு வாசல் டீக்கடையில் ராஜபாண்டியன் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அறுபது தாண்டிய மனுஷன். கும்பிட்ட கையை இறக்காமல் அவளைப் பார்த்தார்.

“வாம்மா. முத்து எப்படி இருக்கான்?”

“கோட்டு தேச்சுக்கிட்டு இருக்காரு.”

அவர் முகம் சுண்டியது. டீ சொன்னார். அவள் வேண்டாம் என்றாள்.

“தாயில்பட்டிக் கட்டு உங்ககிட்டதான இருக்கு, சார்?”

“ஆமாம்மா.”

“உங்க பேருக்கு வக்காலத்துப் போட்டாச்சா?”

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். நாலைந்து ஜூனியர்கள் காராச்சேவைக் கொறித்தபடி இந்தப் பக்கமே காதை வைத்திருந்தார்கள். “அத இங்கன பேச வேண்டாம்மா.”

“நோட்டீஸ் இங்கனதான கெடந்துச்சு? அப்ப இங்கனயே பேசுவோம்.”

ராஜபாண்டியன் அவளைக் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். “யாரு அடிச்சான்னு தேடிக்கிட்டுத் திரியாத. நான் சொல்றதக் கேளு. நம்ம பய ஒருத்தன், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். பேரு வேண்டாம். அந்த நோட்டீசுக்கு அப்புறம் திரும்ப ஆரம்பிச்சிட்டான். போன எடுக்க மாட்டேங்கான். போன ஞாயித்துக்கெழம மாடியில நான் ஒத்தையில உக்காந்து கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு ஆளு வரல. எனக்கு அந்தக் கவலைதாம்மா. எலக்சன் கெடக்குது கழுதை.”

அடேயப்பா, நடிப்பென்றால் இதுவல்லவா நடிப்பு என்று அவளுக்குத் தோன்றியது. கட்டு கையில் இருக்கிறது, வக்காலத்துக்குப் பதில் இல்லை, கண்ணில் மட்டும் ஈரம்!

“நாளைக்கு ஜெயிக்க வாழ்த்துகள், சார்” என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டு அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் ரோட்டைத் தாண்டிவிட்டாள்.

*

சிவகாசியில் அண்ணன் தனுஷ்கோடியின் பிரஸ். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டதிலிருந்து அங்கே மூச்சுவிட நேரம் கிடையாது. ஆபீஸ் அறை முழுக்க முருகனும் லட்சுமியும் கட்டுக்கட்டாக அடுக்கிக் கிடந்தார்கள். அப்பா இறந்தபின் தங்கச்சியைச் சட்டம் படித்தவனுக்குத்தான் கொடுப்பேன் என்று அலைந்து மாப்பிள்ளை பிடித்தவன் இந்தத் தனுஷ்கோடி. அந்த மாப்பிள்ளை நான்கு வருஷமாக எப்படிக் குடித்தான் என்பதும் அவனுக்குத் தெரியும். பல் உடைந்த மறுநாள் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவன்தான். மாடிப்படிப் பொய்யை அவள் அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

“வா தாயி. கலர் குடிக்கியா?”

“ஒண்ணும் வேண்டாம். இத அடிச்சுத் தா. விடியும்போது கோர்ட்டுச் செவுரு முழுக்க இருக்கணும்.”

அவன் மேட்டரை வாங்கிப் படித்தான். ‘மொட்டைமாடி வக்கீலுக்கா உங்கள் ஓட்டு? மாத்திரைக்கு அடிமையானவர் நமக்குத் தலைவரா?’ கீழே ராஜபாண்டியன் பெயர்.

“எதுக்கு இவர?”

“எங்க வீட்டுக்காரரு பேர நாறடிச்ச நோட்டீஸ அடிச்சது இந்த ஆளுதான்.”

தனுஷ்கோடி தாளை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். “ஒறுதியாத் தெரியுமா?”

“தெரியும்.”

“விட்டுத் தொலையேன், பிரியா. வக்கீல் சகவாசம். ஊரு வம்பு எதுக்கு?”

“நீ அடிக்கலைன்னா விஸ்வநத்தத்துல ஒருத்தன் அடிப்பான். எனக்கு யாரு அடிச்சாலும் ஒண்ணுதான்.”

அவன் தாளை மேசைமேல் வைத்தான். “சரி. அடிச்சுத் தாரேன்.”

“அடியில பிரஸ் பேரு போடாத.”

அவன் ஏன் என்று கேட்கவில்லை. அச்சடிக்கிற எதிலும் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும், அது சட்டம். அப்பா காலத்திலிருந்து அந்த ஒரு வரியை விட்டு ஒரு துண்டுத்தாள் இந்த வாசலைத் தாண்டியதில்லை. ஒரு வார்த்தையாவது தர்க்கம் பண்ணுவான் என்று எதிர்பார்த்தவளுக்கு லேசாக உறுத்தியது. ஆனால் பழி வாங்கப் புறப்பட்டவளுக்கு உறுத்தலை நின்று பார்க்க ஏது நேரம்?

பிளேட் தயாராயிற்று. தனுஷ்கோடிக்குக் காலண்டர் பார்ட்டியிடமிருந்து போன் வர, லாரி லோடு பற்றிச் சத்தம் போட்டபடி வாசலுக்குப் போனான். மெஷின் ஓட்டும் சின்னச்சாமி மை தடவி, மூலையில் கிடந்த வேஸ்ட் ஷீட்டில் ஒரு கட்டைத் தூக்கி வந்து வைத்தார்.

இது எல்லா அச்சாபீஸிலும் நடப்பதுதான். மெஷின் ஓடத் தொடங்கியதும் முதல் தாளே சரியாக வந்துவிடாது. மை சீராகிற வரைக்கும் தாள் வீணாகும். அதற்கு நல்ல பேப்பரைப் போட எவனுக்கு மனசு வரும்? முன்னால் அடித்துக் கெட்டுப்போன தாளையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஒரே தாளில் கல்யாணப் பத்திரிகை மேல் காதணி விழா, காதணி விழா மேல் கண்ணீர் அஞ்சலி என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். சின்ன வயசில் அனுப்பிரியா கப்பல் செய்து விட்டதெல்லாம் அந்தத் தாளில்தான்.

மெஷின் தடதடத்தது. எழுத்து எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் ஒரு தாளை உருவினாள்.

ரோஸ் கலர் தாள். மேலே கொட்டை எழுத்தில், மை காயாமல், மொட்டைமாடி வக்கீல். அதற்கு அடியில் சின்ன எழுத்தில் என்னவோ இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

‘குடிகார வக்கீல் முத்துக்கிருஷ்ணனிடம் கேஸ் கொடுக்கலாமா?’

ஒரு தடவை இல்லை. வரிசைக்கு நாலாக இரண்டு வரிசை. வெட்டாத தாள். நோட்டீஸை வெட்டிய பிறகுதான் பிரஸ்ஸை விட்டு அனுப்புவார்கள். வெட்டாத தாள் அடித்த இடத்தில் மட்டும்தான் இருக்கும். இது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“சின்னச்சாமிண்ணே, மிஷின நிறுத்துங்க.”

அவர் நிறுத்தினார். தாளைப் பார்த்தார். “இது நான் ஓட்டுனதில்லையே, தாயி. மொதலாளிதான் ஒரு ஞாயித்துக்கெழம ஒத்தையில நின்னு என்னமோ அடிச்சாரு.” சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

தனுஷ்கோடி உள்ளே வந்தான். அவள் கையில் இருந்த ரோஸ் கலரைப் பார்த்தான். போன் பேசிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

மிஞ்சிய நோட்டீஸையெல்லாம் எரித்திருந்தான். பிளேட்டை மடக்கி எடைக்குப் போட்டிருந்தான். இந்தத் தாளை மட்டும் எரிக்கவில்லை. பின்பக்கம் காலியாக இருக்கிற தாளை எரிக்க அச்சாபீஸில் வளர்ந்தவனுக்குக் கை வராது. பாவி, அதில்தான் மாட்டினான்.

“நீயா அண்ணே?”

“ஆமா.”

“திருத்தங்கல் விசயம் ஒனக்கு எப்படித் தெரியும்?”

“நீதான சொன்ன.” அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். “பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு வந்தப்ப. ‘அண்ணே, அவரு விட்டுட்டாரு, திருத்தங்கல்ல கூடுறாக, யாருகிட்டயும் சொல்லிராத’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்ன. நீ சிரிச்சப்ப அந்தக் கட்டுன பல்லு தெரிஞ்சுச்சு, பிரியா.”

அவள் கை தானாக வாயை மறைத்தது.

“ஊருக்குத் தெரியாம ஒன்ன அடிச்சான். இப்ப ஊருக்குத் தெரியாமத் திருந்திட்டானாம். நீ வாங்குன அடி எங்கன போச்சு? அதுக்கு எவன் பதில் சொன்னான்? அந்தப் பய நாளைக்குப் பெரிய வக்கீலாயி மாலை மரியாதையோட நிப்பான், நான் போயிப் பொன்னாடை போத்தணும். என் கூடப்பொறந்தவ பல்ல ஒடச்சவனுக்கு! நாலு பேரு முன்னால தலையத் தொங்கப்போட்டு நிக்கட்டும்னுதான் அடிச்சேன். இப்பவும் அதுல எனக்கு வருத்தம் இல்ல.”

“அவரு குடிச்சப்ப வந்து சட்டையப் பிடிச்சிருந்தா நீ ஆம்பள. விட்டதுக்கப்புறம் ஒளிஞ்சு நின்னு அடிக்க. நல்ல ரோசம்யா!”

“பிரியா...”

“‘பெயர்கள் விரைவில்’னு போட்டியே, அது யாரு யாரு?”

“யாருமில்ல. சும்மா ஒரு கெத்துக்குப் போட்டது.”

கெத்துக்கு! அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் அத்தனை பேரும் மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்தன் மறுபடி பாட்டிலைத் திறந்தான். ஒரு வயசானவர் ஆளில்லாத அறையில் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் இவள் சுவரில் ஒட்ட வந்திருக்கிறாள்.

“சரி, அந்த மனுசன் மேல பழி போகுதுன்னு ஒனக்குத் தெரியும். என் மேட்டர வாங்கி வச்சுக்கிட்டு ‘அடிச்சுத் தாரேன்’ங்கிற?”

“வேண்டாம்னு சொன்னேன்ல?”

“‘நான்தான்’னு சொன்னியா?”

அனுப்பிரியா மெஷினில் இருந்த கட்டை முழுக்க உருவினாள். ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துத் தரையில் போட்டாள். கையெல்லாம் மை.

“நாளைக்குக் காலைல அம்புட்டு வக்கீலும் ஓட்டுப் போட வருவாக. நீ கோர்ட்டு வாசலுக்கு வரணும். அந்த டீக்கடை முன்னால நின்னு, நோட்டீஸ் அடிச்சது நான், எனக்குச் சொன்னது என் தங்கச்சி, வேற யாருமில்ல, அந்த மாடியில இருந்து ஒரு வார்த்த வெளிய வரலன்னு ஒன் வாயாலச் சொல்லணும். நீ வரலன்னா இந்தத் தாளு வரும். பிரஸ் பேரு போடாம அடிச்ச கேசு ஒன் லைசென்ஸக் கேக்கும். காலண்டர் ஆர்டரப் பூராத் திங்கும். கூடப்பொறந்தவன்னு பாப்பேன்னு நெனச்சிராத.”

அவன் தலையைக் குனிந்தபடி இருந்தான். அம்மாவைச் சொல்வான், அழுவான் என்று நினைத்தாள். அவன் நிமிர்ந்தபோது கண்ணில் அழுகை இல்லை.

“வாரேன். நின்னு சொல்றேன். ஆனா அவனுக வக்கீல் கூட்டம். ஏன் அடிச்சன்னு கேக்காம விட மாட்டானுக. அதுக்கு என்ன சொல்ல?”

அவள் நாக்கு பல்லில் போய் நின்றது.

“என் தங்கச்சி மாடிப்படியில விளல, அவன்தான் ஒடச்சான்னு சொல்லவா? நீயே சொல்லு. நான் அத முழுங்கிட்டு இதச் சொன்னா என்னையப் பைத்தியக்காரம்பானுக. அதயும் சேத்துச் சொன்னா ஒன் புருசன் அதோட முடிஞ்சான். சொல்லவா, பிரியா?”

கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். முத்துக்கிருஷ்ணன்.

கடை வாசலில் நின்றுகொண்டு போன் அடிக்கிறானோ? ஏழு மாதம் அவள் விளக்கு வைத்து, வாயைக் கட்டி, ஒவ்வொரு ராத்திரியும் அவன் மூச்சை மோந்து பார்த்துக் காப்பாற்றிய ஏழு மாதம். இதை எடுத்தால் அவள் இளகிவிடுவாள். அவளுக்கே அது தெரியும்.

அவனுக்குப் பேச ஒரு மாடி இருந்தது. குறுக்கே பேசாமல் கேட்க ஆள் இருந்தது. உடைந்த பல்லைப் பற்றி அங்கே சொல்லியிருப்பான், அழுதிருப்பான், தோளில் தட்டிக் கொடுத்திருப்பார்கள். அவளுக்கு யார் இருந்தார்கள்? சிவகாசிக்கு ஒரு பொய், விருதுநகருக்கு அதே பொய். இரண்டு வருஷமாக வாயை மூடிச் சிரிக்கப் பழகியிருக்கிறாள். நினைக்க நினைக்க உள்ளுக்குள் திகுதிகுவென்று எரிந்தது. அண்ணன் மேல் வந்த ஆத்திரம் அண்ணனோடு நிற்கவில்லை.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

“சொல்லு” என்றாள் அனுப்பிரியா. “ரெண்டையும் சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்.”

தனுஷ்கோடி அவளையே பார்த்தான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை. தாளை நாலாக மடித்து அவள் பைக்குள் வைத்தாள். ஈர மை பையின் துணியில் அப்பிக்கொண்டது.

போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அவனாகத்தான் இருக்கும் என்று அணைக்கப்போனவள் பெயரைப் பார்த்துவிட்டு நின்றாள்.

இந்தத் தடவை கூப்பிட்டது ராஜபாண்டியன்.